புதுப்பிப்பு: தாய்லாந்துத் தோழியோடு மாமல்லபுரம்

சென்னையில் படிக்க வந்திருக்கும் தாய்லாந்து மாணவியை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டிருந்தேன். மாமல்லபுரம் சொன்னவர்களுக்குக் கோடி நன்றி!

திருவான்மியூரில் பஸ் ஏறினோம். அங்கே கோயில்களைப் பார்க்க வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் டிக்கெட். ஆனால் தாய்லாந்து பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பு) நாடு என்பதால் நமக்குள்ள 40 ரூபாய்தான். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் அழகுதான். அவள் நகர மறுத்தது அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தின் முன்னால். முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடி எலிகளையும் வரைந்துகொண்டே இருந்தாள். எத்தனையோ தரம் போயும் நான் அப்படி நின்று பார்த்ததில்லை.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

அடுத்து மார்கழி விடியலில் மயிலாப்பூர். பாங்காக் அரசவைப் பிராமணர்கள் ஓதும் திருவெம்பாவையை இங்கே, கபாலீசுவரர் கோயிலில் அவள் கேட்க வேண்டும்.