அம்மாவின் சுவாசப்பையில் இரத்தக்கட்டி: அந்த இரவு நடந்தது

வெள்ளவத்தை மகன்:
அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து பத்தாம் நாள். பாத்ரூம் போய் வந்து கட்டிலில் இருந்தவர், "மூச்செடுக்க ஏலாமல் கிடக்குது தம்பி" என்றார். வாய்வாக்கும் என்று இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் அதிலேயே போய்விட்டது. இடக்காலில் செருப்பு வார் ஏறவில்லை என்று முதல் நாள் சொல்லியிருந்தார். ஒப்பரேஷன் வீக்கம் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். அம்புலன்ஸில் பார்த்தபோது ஒட்சிசன் 86. சி.ரி. எடுத்ததும் தெரிந்தது, காலில் உறைந்த கட்டி நழுவிப் போய்ச் சுவாசப்பைக் குழாயை அடைத்திருக்கிறது.

ஒவ்வொரு நிபுணராகச் சனல் பண்ணி, ஒருவர் எழுதிய துண்டை மற்றவரிடம் கொண்டு ஓடித்தான் எனக்குப் பழக்கம். அன்று இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு வைத்தியர், இதய வைத்தியர், ஐ.சி.யூ. வைத்தியர் மூவரும் அம்மாவின் கட்டிலடியில். ஒப்பரேஷன் செய்த சேர்ஜன் ஸ்பீக்கர் போனில்.

எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. இதயம் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினும் கூடியிருந்தது. ஆனால் பிரஷர் விழவில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் பத்து நாள் காயத்தில் இரத்தம் பெருகும் என்றார் சேர்ஜன். கொடுக்காமல் விட்டு இதயம் களைத்தால்? இதய வைத்தியர் ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கத்தில் படம் கீறி எனக்கும் விளங்கப்படுத்தினார். கடைசியில், கட்டி மேலும் பெருகாமல் தடுக்கும் ஹெப்பரினைச் சேலைனோடு ஏற்றுவது என்று முடிவானது; இரத்தம் கசிந்தால் உடனே நிறுத்தலாம். பிரஷர் விழுந்தால் அடுத்தது என்ன என்பதையும் அப்போதே பேசி வைத்தார்கள்.

இப்படிக் கூடி முடிவெடுக்கும் குழுவுக்கு 'பெர்ட்' என்று பெயராம். 2012இல் பொஸ்டனில், மசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தொடங்கியது. இங்கே அப்படிப் பெயர்ப்பலகை ஒன்றும் இருக்கவில்லை. ஆளுக்காள் போன் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையிலுள்ள விற்றமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்குமாம்; அம்மாவின் கவலையெல்லாம் வல்லாரைச் சம்பல் பற்றித்தான். நிறுத்தத் தேவையில்லை, ஒரேயளவாகச் சாப்பிடட்டும் என்றார்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, உங்களுக்குக் கூடிப் பேச அவகாசம் கிடைத்தது. எங்கள் சித்தப்பாவுக்கும் இதே கட்டிதான்; கனடாவிலிருந்து நெடுநேரம் பிளேனில் இருந்து வந்து மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். பிரஷர் 80க்குக் கீழே. ஸ்கேனுக்குக் கொண்டுபோகவே பயந்து, கட்டிலிலேயே எக்கோ பார்த்துவிட்டு, கரைக்கும் மருந்தை ஏற்றிவிட்டார்கள். விடியத் தேத்தண்ணி கேட்டார். ஊசி குத்திய இடமெல்லாம் ஒரு கிழமைக்கு நாவல்பழ நிறம்.