இரவு ஷிஃப்டில் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள யோசனை தேவை

முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வார்டைக் கவனிப்பவர்கள் இருந்தால் உதவுங்கள்.

எங்கள் வார்டில் 16 கட்டில், இரவில் 2 அட்டெண்டர். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, ஈரம் துடைத்து, தலையணை வைக்க 8 நிமிடம். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றின் நேரம் வந்துவிடுகிறது. கடைசியில் விடியற்காலையில் சார்ட்டில் மொத்தமாக டிக் விழுகிறது. அந்த டிக்கை நம்பினால் புண்ணைத்தான் பார்க்க வேண்டிவரும்.

முறை எல்லோருக்கும் தெரியும்: 30 டிகிரி சாய்வு, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் அது முதல் நிலைப் புண். அங்கே தேய்க்கக் கூடாது. உடலுக்கு அடியில் வைக்கும் ரப்பர் வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் அதை எடுத்துவிட்டோம்.

பெரிய தலைவலி ஏர் பெட்தான் (கரண்ட் பம்பு காற்று நிரப்பும் மெத்தை). கரண்ட் போனதும் குமிழ் வகை மெத்தையில் காற்று இறங்கிவிடுகிறது. வால் எலும்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டால் எலும்பு கையில் இடிக்கிறது. குறைந்தது 1 அங்குலக் காற்றாவது இடையில் இருக்க வேண்டும்.

பிரேடன் மதிப்பெண் (படுக்கைப் புண் அபாயத்தை அளப்பது; குறைந்தால் அபாயம் அதிகம்) குறைந்தவர்களுக்கு 2 மணி, நல்ல ஃபோம் மெத்தையில் இருக்கும் மற்றவர்களுக்கு 4 மணி என்று பிரித்து நடத்துபவர்கள் உண்டா? தோலை எத்தனை முறை பார்க்கிறீர்கள்? குழாய் வகை மெத்தை கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? பம்புகளை இன்வெர்ட்டரில் இணைத்தவர்கள் எத்தனை பம்புக்கு என்ன பேட்டரி என்று சொன்னால் இந்த வாரமே வாங்கிவிடுவோம்.