சிங்கப்பூர் மூப்படைந்தது யாரால்?

தேக்காக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், இந்தக் காலத்துப் பெண்கள் பிள்ளை பெற மறுப்பதால்தான் சிங்கப்பூரில் முதியவர்கள் பெருகிவிட்டார்களாம். படித்ததும் வயிறு எரிந்தது. 1972இல் ‘இரண்டே போதும்’ என்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டியது யார்? மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணத்தை ஏற்றியது யார்? கருத்தடை செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை கொடுத்தது யார்? என் அம்மா மூன்றாவதாக என்னைச் சுமந்தபோது பிரசவ வார்டில் வாங்கிய ஏச்சை இன்றும் மறக்கவில்லை. அரசாங்கம் செய்ததற்குப் பெண்களைப் பழிக்காதீர்கள்.

கணக்கு வாத்தியார்:
அம்மாவின் வேதனை உண்மை. உங்கள் கணக்கு தவறு. 1965இல் ஒரு பெண்ணுக்கு 4.66 பிள்ளைகள். 1970இல் 3.07. சுவரொட்டி வந்தது 1972இல். பெரிய சரிவு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பெண்கள் படித்தார்கள், தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், குடும்பங்கள் கம்பம் எனும் கிராமத்துக் குடியிருப்புகளை விட்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. இன்னும் வராத சுவரொட்டி எப்படி ஐயா பிறப்பைக் குறைக்கும்?

தேக்காக்காரன்:
குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் 1966இலேயே வந்துவிட்டது. கருக்கலைப்பு 1970இல் சட்டபூர்வமானது. இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்தனவா?

கணக்கு வாத்தியார்:
நீங்கள் எழுதியது 1972. இப்போது 1966க்கு ஓடுகிறீர்கள். ஹாங்காங்கில் மூன்றாவது பிள்ளைக்குத் தண்டனை எதுவும் கிடையாது. அங்கே பிறப்பு விகிதம் நம்மைவிடவும் குறைவு. 1972க்குப் பதில் சொல்லுங்கள்.

பொங்கோல் தாய்:
ஆண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்கள் சண்டை போடுகிறீர்கள். 1987இல் அதே அரசாங்கம் ‘வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ’ என்றது. யார் கேட்டார்கள்? 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.97 பிள்ளைதான். என் வீட்டில் பிள்ளை ஒன்றுதான். மாமியாருக்கு மறதி நோய். காலையில் வேலைக்கு ஓடி, இரவில் அவருக்குச் சோறூட்டி உறங்க வைக்கும் எனக்கு இரண்டாவது பிள்ளைக்கு உடம்பில் தெம்பு எங்கே இருக்கிறது? பணிப்பெண் இல்லாவிட்டால் நான் வேலையை விட்டிருப்பேன்.

ஈசூன்வாசி:
அதுதானே! பெற்றவர்களைப் பணிப்பெண்ணிடம் தள்ளிவிடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. பிள்ளைகள் பெற்றோரைக் காப்பாற்ற வேண்டும் என்று 1995இல் சட்டமே போட வேண்டியிருந்த நாடு இது. வெட்கமாக இல்லையா?

பொங்கோல் தாய்:
என் மாமியாரின் மூத்திரத் துணியை நீங்கள் ஒருநாள் துவைத்துவிட்டு வந்து வெட்கத்தைப் பற்றிப் பேசுங்கள். பணிப்பெண் வைத்திருப்பவர் அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முதியவர் இருக்கும் வீட்டுக்கு 60 வெள்ளி. அரசாங்கமே சலுகை தருகிறதென்றால் தேவையில்லாமலா தருகிறது?

தேக்காக்காரன்:
தங்கச்சி சொல்வது சரி. உணவங்காடியில் எழுபது தாண்டிய பாட்டிகள் மேசை துடைக்கிறார்களே, அதையும் கேளுங்கள். ஓய்வு வயது 1999இல் 62, 2022இல் 63, 2026 ஜூலையில் 64. உழைத்துக்கொண்டே இருக்கச் சொல்லும் ஏற்பாட்டுக்கு முதுமைப் பராமரிப்பு என்று பெயரா?

கணக்கு வாத்தியார்:
ஓய்வு வயது என்பது முதலாளி உங்களை வயதைக் காட்டி வெளியே அனுப்ப முடியாத எல்லை. அது உயர்வது ஊழியருக்குப் பாதுகாப்பு. அதற்கு மேலும் வேலை தர மறுவேலைவாய்ப்பு வயது இருக்கிறது. 1972க்கு இன்னும் பதில் வரவில்லை.

ஈசூன்வாசி:
மேசை துடைக்கும் பாட்டிக்கு இந்த விளக்கத்தைச் சொல்லிப் பாருங்கள், வாத்தியாரே. மசேநியில் (மத்திய சேமநிதியில்) போதுமான சேமிப்பு இல்லாமல்தான் பலர் அங்கே நிற்கிறார்கள். வீட்டு வேலையே பார்த்த தாய்மார்களின் கணக்கில் என்ன இருக்கும்?

கணக்கு வாத்தியார்:
மூத்த தலைமுறையினருக்கான முன்னோடித் தலைமுறைத் திட்டம் 2014இல் வந்தது அவர்களுக்காகத்தான். அதன் மருத்துவச் சலுகைகள் ஆயுள் முழுக்க உண்டு. ஒன்றுமே செய்யவில்லை என்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

தேக்காக்காரன்:
ஒன்றுமே செய்யவில்லை என்று யார் சொன்னது? முன்பு இங்கே நடந்த மசேநி விவாதத்திலும் இப்படித்தான் நான் சொல்லாததைச் சொன்னதாக்கி வெற்றிவிழா கொண்டாடினீர்கள். நான் அதை மறக்கவில்லை.

கணக்கு வாத்தியார்:
அந்த விவாதத்திலும் ஆண்டைத் தவறாகப் போட்டவர் நீங்கள்தான். 4.66, 3.07, பிறகு 1972. வரிசையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

பொங்கோல் தாய்:
மூன்று எண்களை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையும் பார்க்காதவர் நீங்கள். மாதத்தில் ஒரு நாளாவது பணிப்பெண்ணுக்குக் கட்டாய விடுப்பு உண்டு. அந்த ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து மாமியாரோடு உட்காருங்கள்.

ஈசூன்வாசி:
மகன் எங்கே போனார், அம்மா? அவருடைய தாய்தானே?

பொங்கோல் தாய்:
என் கணவரை இதில் இழுக்காதீர்கள். இரவுப் பணிக்குப் போகிறவர் அவர்.

கணக்கு வாத்தியார்:
தேக்காக்காரன் ஐயா, காத்திருக்கிறேன்.