ட்ரையாஜ்: தரம்பிரிப்பா, முந்துபகுப்பா, முந்துகணிப்பா?

வணக்கம்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஆம்புலன்ஸ் அழைப்புகளைக் கையாள்வது பற்றி எழுதும்போதெல்லாம் ‘ட்ரையாஜ்’, அதாவது யாரை முதலில் கவனிப்பது என்று நோயாளிகளைப் பிரிப்பது, வந்து வழிமறிக்கிறது. அதற்குத் தமிழில் இப்போது புழங்குபவை மூன்று: தரம்பிரிப்பு, முன்னுரிமைப்படுத்தல், அவசரப் பகுப்பு.

தரம்பிரிப்பு வற்றலுக்கும் பருத்திக்கும் பொருந்தும். பிரெஞ்சு மூலச்சொல்லும் பொறுக்கிப் பிரிப்பதைத்தான் குறித்தது, உண்மை. ஆனால் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே வற்புறுத்தியது, பதவியைப் பார்க்காதே, காயத்தின் கடுமையைப் பார் என்பதை. அதற்குப் போய்த் ‘தரம்’ என்று பெயர் வைத்தால் எப்படி? ‘முன்னுரிமை’ என்றதும் யாருக்கு என்ன உரிமை என்ற சண்டை கிளம்பும். ‘அவசரப் பகுப்பு’ அள்ளித் தெளித்த கோலம் போல ஒலிக்கிறது.

முந்துநூல் என்ற பழஞ்சொல்லின் வார்ப்பில் ‘முந்துபகுப்பு’ என்று வைக்கலாமா?

காரைக்குடி


ஐயா, ‘முந்து’ நன்று. ‘பகுப்பு’தான் இடிக்கிறது.

பகுப்பதற்குப் பத்துப் பேர் கண்முன் இருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் அது சரி. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டலாம், மூச்சை எண்ணலாம், சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை கட்டலாம். தொலைபேசியில் இருப்பதோ ஒரு குரல். அதுவும் பெரும்பாலும் நோயாளியின் குரல் அல்ல. அங்கே நடப்பது கணிப்பு. ஆகவே ‘முந்துகணிப்பு’ என்பேன்.

அந்த வேலையின் வரிசையைப் பாருங்கள். இடம், திரும்ப அழைக்க எண், நினைவு இருக்கிறதா, மூச்சு வழக்கம்போல் வருகிறதா. கடைசி இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் கேள்வி அங்கேயே நிற்க வேண்டும். வண்டி கிளம்ப வேண்டும், அழைத்தவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். கொள்ளைநோய் வந்ததும் காய்ச்சல், இருமல், வாசனை தெரிகிறதா என்ற கேள்விகள் சேர்ந்துகொள்கின்றன. போகிறவர்கள் காப்புடை அணிந்து இறங்குவதற்காக வந்தவை அவை. யார் முந்த வேண்டும் என்பதை முடிவு செய்ய வந்தவை அல்ல. அவற்றை வரிசையின் தொடக்கத்தில் வைத்தால் இதயம் நின்றுபோனவர் காய்ச்சல் கணக்குக்காகக் காத்துக் கிடப்பார். தவிர, 2020இல் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனையோ பேர். ‘இல்லை’ என்ற பதிலை நம்பிக் காப்பு இல்லாமல் இறங்கக் கூடாது.

கணிப்பு என்றால் அதில் நேரும் தவறுகளுக்கும் பெயர் கிடைக்கிறது. கோவிட்டில் ஆக்சிஜன் அளவு 85க்கு இறங்கியும் சிலர் சாதாரணமாகப் பேசுவார்கள். குரலை மட்டும் நம்பினால் ‘குறைக்கணிப்பு’. அளவு 90 முதல் 93 என்றாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தொட்டாலோ நடுத்தரக் கடுமை. 90க்குக் கீழே, அல்லது மூச்சு 30ஐத் தாண்டினால் கடுமை. கருவி இல்லாத வீட்டில், நேற்று முடிந்து இன்று முடியாமல் போனது எது என்று கேட்க வேண்டும். கழிப்பறை வரை நடந்தாலே இளைக்கிறது என்பார்கள். ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்ற சோதனையை நம்பாதீர்கள்.

எல்லாரையும் சிவப்பில் போட்டால் ‘மிகைக்கணிப்பு’. அதற்கு வண்டிதான் விலை. காரைக்குடியிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 45 கி.மீ. நிரம்பிய பி வகை சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம், 15 விட்டால் 100 நிமிடம். பயணமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். வாசலில் படுக்கைக்கு வரிசை என்றால் வண்டிக்குள்ளேயே சிலிண்டர் வற்றும். திரும்பும் முன் 1 விழுக்காடு ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியில் வண்டியைத் துடைத்துக் காயவிடவும் வேண்டும். அதுவரை அடுத்த அழைப்புக்கு அந்த வண்டி இல்லை.

காத்திருப்பவரைத் திரும்ப அழைத்துப் பார்ப்பது ‘மறுகணிப்பு’. கோவிட்டில் 5 முதல் 10ஆம் நாள் வரை நிலை சட்டெனச் சரியும் என்பதால் இது இல்லாமல் முதல் கணிப்புக்கு மதிப்பில்லை.

தேவகோட்டை


ஏற்றுக்கொள்கிறேன். தொலைபேசியில் முந்துகணிப்பு, வாசலில் முந்துபகுப்பு. ஆங்கிலம் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதை நாம் இரண்டாகப் பிரித்ததாக இருக்கட்டும்.

காரைக்குடி


இரண்டு சொல்லும் சரி. அழைக்கிறவர்களின் சொல்லையும் சேர்க்க வேண்டாமா?

“ஆச்சிக்கு இழுக்குது” என்பார்கள். இழுப்பு ஒரு வீட்டில் ஆஸ்துமா, இன்னொரு வீட்டில் வலிப்பு. “இழுத்துக்கிட்டுக் கிடக்கு” என்றால் கடைசி மூச்சு. மூன்றுக்கும் மூன்று கணிப்பு. “கை கால் வெட்டுதா, நெஞ்சு விசில் அடிக்குதா, விட்டு விட்டு மூச்சு வருதா” என்று பிரித்துக் கேட்டால்தான் தேறும்.

இடம் கேட்பதிலும் இங்கே ஒரு சிக்கல். செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்கு அடையாளமாகச் சொல்லும் குடும்ப முதலெழுத்துகளை (விலாசம்) மட்டும் சொன்னால் வண்டி பூட்டிய கதவு முன் நிற்கும். எந்த வாசல் திறந்திருக்கிறது, நோயாளி முகப்பிலா, உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலா, ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் உண்டா என்பதும் முந்துகணிப்பில் அடங்க வேண்டும்.

இன்னொன்று பாக்கி. மகன் சிங்கப்பூரில். அங்கிருந்து 108 கிடைக்காது. சென்னையில் உள்ள உறவினரைக் கூப்பிட்டு, அவர் 108ஐ அழைக்கிறார். மூச்சை எண்ணச் சொன்னால் எண்ணுவதற்கு அவர் பக்கத்தில் இல்லை. முதலில் அவரிடம் வீட்டுக் காவல்காரர் எண்ணை வாங்க வேண்டும். இந்த மாதிரி அழைப்பவருக்கு ‘எட்ட அழைப்பாளர்’ என்று போட்டிருக்கிறேன். ‘தொலை அழைப்பாளர்’ என்றால் தொலைந்தவர் போல இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

கண்டனூர்