துண்டு வேண்டாம், 'அளவுகூறு' என்போம்: சங்க்ட் ட்ரான்ஸ்ஃபர் என்கோடிங்குக்கு ஒரு பெயர்

அன்புடையீர்,

வலைப்பக்கம் கேட்டவருக்குச் சேவையகம் (பக்கங்களை வழங்கும் கணினி) தன் பதிலைப் பகுதி பகுதியாக அனுப்பும் முறையே சங்க்ட் ட்ரான்ஸ்ஃபர் என்கோடிங் (chunked transfer encoding). அதற்கு நண்பர் முன்மொழிந்த 'துண்டாக்கப் பரிமாற்றக் குறிமுறை' என்னும் சொல்லாட்சியை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. துண்டு என்றதும், முழுதாக இருந்த ஒன்றை எவரோ வெட்டியதாக மனம் கொள்கிறது. இங்கே வெட்டுவதற்கு முழுமையான பொருள் எதுவும் இல்லை. பதிலை அனுப்பத் தொடங்கும் வேளையில், தரவுத்தளத்திலிருந்து இன்னும் எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் சேவையகத்துக்கே தெரியாது. ஆகவே மொத்த நீளத்தைப் பதிலின் முன்னே செல்லும் தலைப்பில் முன்கூட்டியே அறிவிக்கவும் இயலாது. வலைப்பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்.ரி.ரி.பி. (HTTP) இன் 1.0 பதிப்பில் இத்தகைய பதிலின் முடிவை இணைப்பைத் துண்டித்தே உணர்த்தினார்கள். பதில் முடிந்ததா, இணைப்பு இடையில் அறுந்ததா என்று பெறுபவர் பிரித்தறிய முடியவில்லை. 1.1 பதிப்பு இக்குறையைத் தீர்த்தது.

தீர்த்த விதத்தில்தான் பெயருக்கான விடையும் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் தன் பைற்று எண்ணிக்கையைப் பதினறும எண்ணாக (பதினாறை அடியாகக் கொண்ட எண்ணாக) முதலில் சொல்லிவிட்டே வருகிறது. அளவு பூச்சியம் என்று ஒரு பகுதி வந்தால் பதில் நிறைவுற்றது. அளவைக் கூறும் கூறு என்பதால் 'அளவுகூறு' என்பதையும், இறுதியானதற்குப் 'பூச்சியக் கூறு' என்பதையும் முன்வைக்கிறேன். 'தவணை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் குறித்த நாளில் வருவது என்ற பொருள் அதனுடன் ஒட்டியிருக்கிறது.

'யாழ்ப்பாணம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைப் பைற்றுகளாக்கும் யூ.ரி.எஃப். 8 (UTF-8) முறையில் அது 33 பைற்றுகள். சேவையகம் அதை 16, 17 என இரு கூறுகளாக அனுப்பினால், பதினறும முறையில் 10, 11 என்ற அளவுகள் முன்னே செல்லும். முதற்கூறு 'ப்' இன் புள்ளிக்குரிய மூன்று பைற்றுகளில் ஒன்றோடு நின்றுவிடும். ஒவ்வொரு கூறையும் தனித்தனியே எழுத்தாக்கும் நிரல் அவ்விடத்தில் சிதைந்த எழுத்தையே காட்டும். இடையில் நின்று பதிலை வாங்கிக் கடத்தும் பதிலிச் சேவையகம் (proxy) கூறுகளின் எல்லைகளை மாற்றியமைக்கவும் விதி இடமளிப்பதால், எல்லைக்குப் பொருள் கற்பிப்பதே பிழை. தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்கும் நம் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி வைத்தியர் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது ஆக்கிய சொற்களும் வகுப்பறைத் தேவையிலிருந்து பிறந்தவைதாம்.

'குறிமுறை' என்ற பின்பாதியை விட்டுவிடலாம் என்ற கருத்துக்கு நான் உடன்படேன். கிசிப் (gzip) போன்ற தரவுச் சுருக்கம் உள்ளடக்கத்துக்கு உரிய குறிமுறை. இதுவோ வழியில் கொண்டுசெல்வதற்கு மட்டும் உரியது. இவ்விரண்டையும் வேறுபடுத்த 'பரிமாற்றக் குறிமுறை' முழுதாக நிற்க வேண்டும். எச்.ரி.ரி.பி. 2 இம்முறையைக் கைவிட்டுச் சட்டகங்கள் (frames) என்னும் தனி அலகுகளால் தரவை அனுப்புவதால், அங்கே 'அளவுகூறு' என்று எழுதுவதைத் தவிர்ப்போம்.

பூச்சியக் கூறின் பின்னே வரக்கூடிய கூடுதல் தகவல் புலங்களுக்குப் (trailers) 'பின்தலைப்பு' என்றார்கள், முரணாக ஒலிக்கிறது. 'ஈற்றுப்புலம்' பொருந்துமா என்று பாருங்கள்.