பழைய வண்டியின் டோபார் கருவிகளைப் புதிய வண்டிக்கு மாற்றுவது குறித்து

வணக்கம். மெல்பேர்னில் வசிக்கும் நான், பழைய பிராடோவை விற்றுவிட்டு, 2019ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறேன். டோபார், அதாவது டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டகம், அந்தந்த வண்டியின் சேசிஸுக்கென்றே செய்யப்படுவது என்பதால் அதைப் பழைய வண்டியோடு விட்டுவிட்டேன். டிரெய்லரின் முனை வந்து மாட்டும் 50 மில்லிமீட்டர் உருண்டைக் குண்டையும், அதைத் தாங்கும் நாக்குத் துண்டையும், டிரெய்லரின் மின்பிரேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியையும் மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன்.

குண்டில் சிக்கலில்லை. கவலையெல்லாம் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றித்தான். இங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். நான் இழுத்துச் செல்லும் கேரவனோ (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) 1,800 கிலோ. பழைய வயர்களையே பிரேக் விளக்கின் இணைப்பில் வெட்டிச் சேர்த்தால் வண்டியின் மின்னணு அமைப்பு பாதிக்கப்படுமா, அல்லது ஹைலக்ஸுக்கென்றே விற்கும் வயரிங் தொகுப்பை வாங்குவதுதான் முறையா? (மலிவாக முடிக்கும் ஆசை எனக்கும் உண்டு.)

புதிய வண்டியின் பின்புறம் சற்று உயரமாக இருப்பதால், கேரவன் மட்டமாக நிற்பதற்கு நாக்குத் துண்டையும் மாற்ற வேண்டுமா என்பதை, இம்மாற்றத்தைச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.