டிரான்ஷிப்மென்ட்: மாறுவது பெட்டியா, கப்பலா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சிறு ஏற்றுமதியாளர்களுக்காகக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கரூரிலிருந்து படுக்கைவிரிப்பும் பொள்ளாச்சியிலிருந்து தென்னைநாரும் அனுப்புகிறவர்கள் படிக்க வேண்டிய புத்தகம். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) போன்றவற்றை அப்படியே விட்டுவிட்டேன். நாள்தோறும் அவர்கள் வாயில் புழங்கும் சொற்கள் அவை, கைவைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். நடுவழித் துறைமுகத்தில் சரக்கை மாற்றும் டிரான்ஷிப்மென்ட் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் தங்கள் சரக்குக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிகிறார்கள். சொல்லைப் பார்த்ததுமே விஷயம் விளங்குகிற மாதிரி தமிழ்ச் சொல் ஒன்று கிடைத்தால் நல்லது.

கன்னியாகுமரி மாவட்டத்து இனயம் துறைமுகத் திட்டம் பேசப்பட்ட நாட்களில் செய்தித்தாள்கள் "சரக்குப் பெட்டக மாற்று முனையம்" என்று எழுதின. அதையே எடுத்துக்கொள்ளலாமா? "இடைமாற்று", "கலமாற்று" என்று இரண்டு யோசனைகளும் தனிமடலில் வந்திருக்கின்றன.

* * *

> அதையே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. தூத்துக்குடியில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருபது ஆண்டுக்கு மேல் ஓட்டியவன் நான். அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பெட்டக மாற்று" என்று படித்ததும் என்ன தோன்றுகிறது? ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குச் சரக்கை மாற்றுகிறார்கள் என்றுதானே? நடப்பது அதற்கு நேர் எதிர். கன்டெய்னர் என்கிற அந்தப் பெட்டி மாறாது. கரூரில் பூட்டிப் போட்ட சீல், ஹாம்பர்க்கில் வாங்குகிறவர் கிடங்கில்தான் உடையும். மாறுவது கப்பல். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவர் ஒருமுறை என்னிடம், "கொழும்பில் பிரித்து அடுக்குவார்களாமே, நம்ம அட்டைப்பெட்டி நசுங்கிவிடாதா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. யாரோ அவருக்கு அப்படித் தமிழ்ப்படுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறக்காமலிருப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை எல்லாம் மூட்டை மூட்டையாகத்தான் ஏறி இறங்கின. எங்கள் ஊரிலேயே 1974இல் புதிய துறைமுகம் வரும்வரை பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரயிலிலும் இதே கதை உண்டு. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த இடங்களில் ஒரு வேகனிலிருந்து அடுத்த வேகனுக்குச் சுமைக்காரர்கள் தோளில் மாற்றினார்கள். அதற்கும் டிரான்ஷிப்மென்ட் என்றே பெயர். ஆக, சொல் பெட்டியைவிட மூத்தது.

சரி, பெட்டியைத் திறக்கப்போவதில்லை என்றால் நடுவழியில் எதற்காக இறக்க வேண்டும்? நேராகப் போனால் என்ன? இதைக் கையேட்டில் நாலு வரியாவது சொல்லுங்கள். இன்றைய பெரிய கப்பல் 400 மீட்டர் நீளம், இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,000 பெட்டி பிடிக்கும். அவ்வளவையும் நிரப்பிக்கொண்டு ஓடினால்தான் பெட்டி ஒன்றுக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு குறையும். அது தூத்துக்குடியில் முந்நூறு பெட்டி, அடுத்த ஊரில் இருநூறு என்று டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போனால் கட்டுப்படியாகுமா? ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏற வேண்டும், கப்பல் நிற்கும் தளம் காலியாகக் காத்திருக்க வேண்டும், ஆழமும் போதவேண்டும். அதனால் அது போகிற வழியில் ஆழமுள்ள சில இடங்களில் மட்டும் நிற்கும். மற்ற ஊர்ப் பெட்டிகளைச் சின்னக் கப்பல்கள் அங்கே கொண்டுவந்து சேர்க்கும். கொழும்பும் சிங்கப்பூரும் பெரிதானது இப்படித்தான். இப்படிக் கப்பல் மாறும் இந்தியச் சரக்கில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கைமாறியது என்று ஒன்றிய அரசே சொல்லியிருக்கிறது. இதை மாற்றத்தான் 2011இல் கொச்சியில் வல்லார்பாடம் முனையம் வந்தது. அப்புறம் கேரளத்திலேயே விழிஞ்ஞம் துறைமுகம். அங்கே 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்ற பெரிய கப்பல் வந்தபோது தமிழ்ச் செய்திகளும் "தாய்க்கப்பல்" என்று அழகாக எழுதின.

நம்மவர்களுக்குத் தலைவலி வருவது கப்பல் ஓடும்போது இல்லை, பெட்டி துறைமுக யார்டில் கிடக்கும்போதுதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஒரு நாளுக்குள் முடிகிற ஓட்டம். சின்னக் கப்பல் ஆறு மணி நேரம் தாமதித்தால், தாய்க்கப்பல் இந்தப் பெட்டிக்காகக் காத்திருக்காது. பெரும்பாலான சேவைகள் வாரத்துக்கு ஒன்று. ஆக ஆறு மணி நேரம் ஏழு நாளாகிவிடும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதும் கால அட்டவணையே குலைந்தது. கப்பல்கள் ஒழுங்காக வராமல் கூட்டமாக வந்து சேர்ந்ததில் 2024 நடுவில் சிங்கப்பூர்க்கு வெளியே வரிசை நின்றது. மேர்ஸ்க், ஹபாக்-லாய்ட் என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களும் 2025 பிப்ரவரியில் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இதற்கு ஒரு விடை தேடுகிறது. தாய்க்கப்பல் நிற்கும் இடங்களைக் குறைத்துவிடுவது, மீதிக்குச் சின்னக் கப்பல்களை ஷட்டில் போல ஓட்டுவது, நூற்றுக்குத் தொண்ணூறு கப்பலாவது நேரத்துக்கு வருவது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. அதாவது கப்பல் மாறுவதைக் குறைக்கவில்லை, கூட்டிவிட்டுத் தாமதத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கணக்கு சரிதான். எத்தனை முறை மாறுகிறோம் என்பதைவிட, மாறும் இடத்தில் எத்தனை நாள் நிற்கிறோம் என்பதுதான் விஷயம். பஸ் மாறி ஊருக்குப் போகிற யாருக்கும் இது தெரியும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

"இடைமாற்று" ரொம்பப் பொத்தாம்பொது. நம் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 53ஆம் பிரிவு டிரான்சிட், 54ஆம் பிரிவு டிரான்ஷிப்மென்ட். வந்த ஊர்தியிலேயே சரக்கு தொடர்ந்து போனால் முந்தையது, வேறு ஊர்திக்கு மாறினால் பிந்தையது. "இடை" இரண்டுக்கும் பொருந்துவதால் இரண்டையும் பிரிக்க உதவாது.

"கலமாற்று" காதுக்கு இனிமை. கலம் கொண்டுவந்த பொன்னைக் கழித்தோணியில் கரைசேர்த்த செய்தி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் அன்றே நடந்த வேலை இது. ஆனால் இன்றைக்குக் கலம் என்றால் சாப்பாட்டுப் பாத்திரம், தஞ்சாவூர்ப் பக்கம் போனால் நெல் அளவை. அது போகட்டும். சுங்கத்தில் கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி ரயிலேறி உள்நாட்டு முனையத்துக்குப் போவதும் டிரான்ஷிப்மென்ட்தான். ரயிலைக் கலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே முதலில் நினைத்த "கப்பல்மாற்று" என்பதும் இதே இடத்தில்தான் இடறியது.

லாரி நடுவழியில் அச்சு முறிந்து நின்றால் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "வேற வண்டில மாத்தி ஏத்து." அதுதான் சொல். மாற்றி ஏற்றுவது, மாற்றேற்றம். வங்கிகள் எல்.சி.க்கு (வாங்குகிறவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளும் இதையே சொல்கின்றன: ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றுவது. மாற்றேற்றத் துறைமுகம், மாற்றேற்றக் கட்டணம், மாற்றேற்றப் பெட்டி என்று எங்கே சேர்த்தாலும் ஒட்டும். வினையாக வேண்டுமென்றால் "கொழும்பில் மாற்றி ஏற்றினார்கள்" என்று வாக்கியம் தானாக வந்துவிடும்.

எல்.சி. பேச்சு வந்ததால் இதையும் போட்டுவிடுங்கள். "மாற்றேற்றம் கூடாது" என்று எல்.சி.யில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். சரக்கு கன்டெய்னரில் போவதாகப் பில் ஆஃப் லேடிங்கில் இருந்து, முழுப் பயணத்துக்கும் அந்த ஒரே பில் இருந்தால், யு.சி.பி. 600இன் 20ஆம் பிரிவுப்படி வங்கி அதை ஏற்கலாம். அந்தப் பிரிவையே விலக்குவதாக எல்.சி.யில் எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு.

இன்னொரு சங்கதி. சின்னக் கப்பலை ஆங்கிலத்தில் ஃபீடர் என்பதால் "ஊட்டுகப்பல்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். பெரியது தாய்க்கப்பல் என்றான பிறகு, பிள்ளை தாய்க்கு ஊட்டுகிறதா? சேய்க்கப்பல் என்றே இருக்கட்டும்.

* * *

வணக்கம் அண்ணா. நான் கொழும்பில் இருந்து எழுதுகிறேன், துறைமுகத்தோடு தொடர்பான வேலை.

"மாற்றேற்றம்" பிழையில்லை. ஆனால் முதலில் வாசித்தபோது "மாற்றம்" என்பதைத்தான் பிழையாகத் தட்டச்சு செய்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். எங்களுக்கு "மீள்" பழக்கம்: மீள்குடியேற்றம், மீள்சுழற்சி. "மீளேற்றம்" என்றால் உடனே விளங்கும். ஒரு சிக்கல் இருப்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். மீள் ஏற்றுமதி வேறு விஷயம், அது நாட்டுக்குள் இறக்குமதியான பொருள் திரும்ப வெளியே போவது. இது நாட்டுக்குள் வருவதேயில்லை. இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யாராவது மாறி எழுதிவிடுவார்கள். ஆகவே உங்கள் சொல்லுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றி ஏற்றும் ஒரு கொள்கலன் இறக்கும்போது ஒருமுறை, ஏற்றும்போது ஒருமுறை என்று துறைமுகக் கணக்கில் இரண்டாகப் பதிவாகும். 2024இல் கொழும்பு 70 லட்சம் டி.இ.யு. (இருபதடிக் கொள்கலன் கணக்கு) தாண்டியது என்று வாசிக்கிறவர்கள் அத்தனை கொள்கலன்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் சொல்லில் "ஏற்றம்" மட்டும்தான் தெரிகிறது, "இறக்கம்" மறைந்துபோகிறது. அது சிறு குறைதான்.

பெரிய குறை வேறு. "பெட்டி மாறாது" என்று அடித்துச் சொல்கிறீர்களே, முழுக் கொள்கலனுக்கு அது சரி. ஐயா எழுதும் கையேடு சிறு ஏற்றுமதியாளருக்கு என்றல்லவா சொல்கிறார்? அவர்களில் எத்தனை பேர் முழுக் கொள்கலன் நிரப்புகிறார்கள்? பத்து அட்டைப்பெட்டி, இருபது அட்டைப்பெட்டி அனுப்புகிறவர்களின் சரக்கு எல்.சி.எல்., பலருடைய பொருட்களோடு சேர்ந்து ஒரு கொள்கலனில் வருகிறது. அந்தக் கொள்கலன் இங்கே அல்லது சிங்கப்பூரில் திறக்கப்படும். ஒவ்வொரு ஊருக்குமான பொருட்களைப் பிரித்து வேறு கொள்கலன்களில் அடுக்குவார்கள். கொழும்பில் இது பெரிய தொழில், பல நாட்டுச் சரக்கை ஒன்றுசேர்த்து அனுப்புவதற்கென்றே கிடங்குகள் இருக்கின்றன. உங்களிடம் கேட்டவர் பயந்ததில் நியாயம் இருந்திருக்கலாம் அண்ணா. அவர் முழுக் கொள்கலனா அனுப்பினார்?

* * *

சகோதரி, இல்லை. பதினெட்டு அட்டைப்பெட்டி. உங்கள் மடலைப் படித்த பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. அவரிடம் "சீலை யாரும் தொட மாட்டார்கள்" என்று தைரியம் சொல்லி அனுப்பியவன் நான்தான். மூலையில் அட்டை வைத்து நன்றாகக் கட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் ஐயாவுக்கு ஒன்றில்லை, இரண்டு சொற்கள் வேண்டும். பெட்டி திறக்காமல் கப்பலோ வண்டியோ மாறுவது மாற்றேற்றம். எல்.சி.எல். சரக்கு நடுவழியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு, நான் மேலே துரத்திவிட்ட "பெட்டக மாற்று" என்பதே சரியாகப் பொருந்துகிறது. செய்தித்தாள்காரர்கள் நல்ல சொல்லைத்தான் செய்திருக்கிறார்கள், வேறு வேலைக்குப் போட்டுவிட்டார்கள்.

கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன், ஐயா திருத்திக்கொள்ளவும்: "உங்கள் சரக்கு முழுப் பெட்டியாகப் போனால் வழியில் மாற்றேற்றம் மட்டும் நடக்கும், பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். பகுதிச் சரக்காகப் போனால் பெட்டக மாற்றும் நடக்கும், அட்டைப்பெட்டிகளைக் கையால் இறக்கி மீண்டும் அடுக்குவார்கள். எது என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். மாற்றேற்றத் துறைமுகம் எது, அங்கே எத்தனை நாள் நிற்கும் என்பதையும் கேளுங்கள்."

"இறக்கம் மறைகிறது" என்ற குறைக்கு என்னிடம் விடை இல்லை. "இறக்கியேற்றம்" என்று சொல்லிப் பார்த்தேன், பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார்.